பவளம் போட்ட முட்டை

“ஜப்பான் பட்டாளம் இந்த மலாயாவிலை ஆருக்காவது இடுப்பு வளைஞ்சதோ? இல்லை. எல்லாரையும் வளைய வைச்சவங்கள் அவங்கள். ஆனா ஒருத்திக்கு முன்னாலை மட்டும் வளைஞ்சு நிண்டவங்கள். அவள் என்ர பசு பவளம். அதுவும் அவளின்ர முகத்துக்கு முன்னாலை இல்லை, பின்பக்கத்துக்கு!”

விநாயகமூர்த்தி இதைச் சொன்னபோது, பிரிக்பீல்ட்ஸில் மூசாவின் சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கோப்பியைக் கீழே வைத்துவிட்டார்கள். வைக்காதவர்களுக்கு அது மூக்கு வழியாக வந்தது. ஜப்பான்காரர் சரணடைந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சண்டைக் காலம் முழுவதும் அடக்கி வைத்திருந்த சிரிப்பை எங்கே செலவழிப்பது என்று ஊரே இடம் தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

விநாயகமூர்த்தி ரயில்வேயில் நேர அட்டவணை எழுதும் கிராணி, அதாவது குமாஸ்தா. எந்த வண்டி எப்போது வரும், எப்போது போகும் என்று நிமிஷம் பிசகாமல் எழுதி எழுதிச் சலித்துப்போய், அலுவலகத்தைவிட்டு வெளியே வந்தால் எதையும் அளந்து பேசுவதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டவர். கிள்ளானில் தம்மைக் கடித்த கொசுவைக் கயிறு போட்டுத்தான் பிடித்ததாகச் சொல்வார். கயிற்றையும் காட்டுவார்.

“கிராணி ஐயா, கதை ஜோரு. ஆனா என் முடிவு முடிவுதான் லா,” என்றார் மூசா. “கோழி வரட்டும், வாத்து வரட்டும். மாடு வேணாம்.”

விஷயம் இதுதான். திரும்பி வந்த வெள்ளைக்கார நிர்வாகம், ரயில்வே நிலத்தில் ஆடு மாடு கோழி எதுவும் ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. விநாயகமூர்த்திக்கு வேறு நிலம் இல்லை. மூசாவுக்கு இருந்தது. அம்பாங்கில், ஈயம் தோண்டிவிட்டுப் போன ஒரு குட்டையின் கரையில் நல்ல புல்வெளி. கோழிக்கும் வாத்துக்கும் அங்கே இடம் தருவதாக ஒப்புக்கொண்ட மூசா, பவளத்துக்கு மட்டும் மாட்டேன் என்று நின்றார். பால் வற்றிப்போன கிழட்டுப் பசுவுக்கு இனி ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அந்த இடத்தின் பெயரை விநாயகமூர்த்தி மனத்துக்குள்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

“பவளம் இல்லாமல் கோழி இல்லை மூசா. அவள்தான் எஞ்சின். எஞ்சினைக் கழட்டிப்போட்டு வண்டியை மட்டும் கேக்கிறீர்.”

“அது என்னா செய்யுது? புல்லு திங்குது, சாணி போடுது. வேற?”

“வேறை என்னத்துக்கு? அதுவே காணும்!”

கடையே சிரித்தது. மூசாவும் சிரித்தார். பிறகு மூலை மேசையைக் காட்டினார். “சரி, ஒண்ணு செய்வோம். இந்த மாட்டாலதான் முட்டை, அதைப் பாத்துட்டுத்தான் அந்த ஜப்பான் கேப்டன் குனிஞ்சான்னு சிவசம்பு கிராணி சொல்லட்டும். அவர் வாயில பொய் வராது. அவர் சொன்னா மாட்டுக்கும் இடம் உண்டு.”

மூலை மேசையில் சிவசம்பு நிமிர்ந்து உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். விநாயகமூர்த்தியின் மனைவி மீனலோசனிக்கு மூத்த அண்ணன். ரயில்வே தலைமை அலுவலகத்தில் பெரிய கிராணி. ஜப்பான் மொழி வகுப்பில் முதலாவதாக வந்ததால், அந்தக் கேப்டனுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

“மச்சான், நீர் அண்டைக்கு அங்கை நிண்டனீர்தானே?” என்றார் விநாயகமூர்த்தி.

“நிண்டனான்.”

“கேப்டன் பவளத்துக்கு முன்னாலை குனிஞ்சவனோ இல்லையோ?”

சிவசம்பு கோப்பையை உதட்டருகே பிடித்தபடி, தார் ரோட்டைப் பார்த்துச் சொன்னார்: “நான் காணேல்லை.”

இப்படித்தான் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் மனிதர். மீனலோசனி பார்த்தாள். ஆனால் பெண்சாதி சாட்சி செல்லாது என்று கடை தீர்ப்புச் சொல்லிவிட்டது. விநாயகமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினார்.

ஜப்பான்காரன் வந்த முதல் வருஷக் கடைசியில், ஊரில் அரிசியையே தேட வேண்டியிருந்தது. தவிடு, புண்ணாக்கு, குருணை எல்லாம் கனவில் வரும் பண்டங்கள் ஆகிவிட்டன. ஜனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்றார்கள். கோழிகள் ஜனங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. மீனலோசனியின் கோழிகள் எவ்வளவு மெலிந்துவிட்டன என்றால், சேவல் கூவினால் சத்தத்தின் வேகத்தில் அதுவே இரண்டடி பின்னால் போய் விழும்.

“இஞ்சருங்கோ,” என்றாள் மீனலோசனி. “இதுகளுக்கு என்னத்தையாவது தேடிக்கொண்டு வாருங்கோ. இல்லாட்டி மூசாவின்ர கடைக்குக் குடுத்திடுவன். எலும்பு ரசம் எண்டாவது ஆருக்கும் உதவும்.”

அந்த வாரம் விநாயகமூர்த்தி வேலையாகக் கிள்ளானுக்கு ரயிலில் போனார். வழியில் ஒரு மலாய்க் கம்பத்தின், அதாவது கிராமத்தின், ஓரம் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு எருமையின் காலடியிலும் வெள்ளைக் கொக்குகள், கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் போலச் சுறுசுறுப்பாக நடந்துகொண்டிருந்தன. எருமை கால் வைத்தால் பூச்சி பறக்கிறது. பூச்சி பறந்தால் கொக்கு கொத்துகிறது. யாரும் அவற்றுக்குத் தவிடு போடவில்லை. ஒரு கொக்காவது மெலிந்திருக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே பிரகடனம் செய்தார்: “மீனா, கொக்குக்கு ஆர் சாப்பாடு போடுறது? ஒருத்தரும் இல்லை! அது எருமைக்குப் பின்னாலை நடக்குது, அவ்வளவுதான். எங்கடை கோழியளின்ர பிழை என்ன தெரியுமோ? முன்னாலை போக ஆள் இல்லை!”

“முன்னாலை நீங்கள் போங்கோவன்,” என்றாள் மீனலோசனி. “உங்களிலை இருக்கிற பூச்சி போதும்.”

ரயில்வே குவார்ட்டர்ஸுக்கும் ஆற்றுக்கும் நடுவே நீளமாக ஒரு புல்தரை கிடந்தது. விநாயகமூர்த்தி அதைத் தமது தண்டவாளமாக நியமித்தார். பவளம் எஞ்சின். ஸ்டேஷனில் கழித்துப் போட்டிருந்த ஒரு சாமான் தள்ளுவண்டியைக் கேட்டு வாங்கி, அதன்மேல் மூங்கிலும் கம்பிவலையும் கட்டிக் கோழிக்கூண்டாக்கினார். அது கார்டு வண்டி. குவார்ட்டர்ஸ் ஓரம் ஓடும் லோங்காங்கில், அந்தச் சாக்கடை வாய்க்காலில், நத்தையும் புழுவும் தின்ன வாத்துகளை இறக்கிவிட்டார். அது கிளை லைன். பவளம் ஒரு துண்டுப் புல்லை மேய்ந்து முடித்ததும் அவளை அடுத்த துண்டுக்கு நகர்த்துவார். உடனே விசிலை ஊதி, கூண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அதே இடத்தில் கதவைத் திறப்பார்.

முதல் நாள் குவார்ட்டர்ஸே வேலிக்குப் பின்னால் கூடி நின்றது. விசில் ஊதியது. கோழிகள் இறங்கின. பவளம் அப்போதுதான் போட்ட சாணத்தைச் சுற்றி நின்று, ஆவி பறப்பதைப் பார்த்தன. பிறகு விநாயகமூர்த்தியைப் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாக வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டன.

“பசுவை எஞ்சின் எண்டு சொல்லுறவருக்கு என்ர தங்கச்சியைக் குடுத்தனே,” என்றார் சிவசம்பு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிழையாகப் பார்த்துவிட்டோமோ என்று மறுபடியும் பார்த்தார். சரியாகத்தான் பார்த்திருந்தார்.

அடுத்த சில நாளும் இதே கூத்துத்தான். பிறகு விநாயகமூர்த்திக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சலில் தம் நெற்றியில் மீனலோசனி ரொட்டி சுட்டாள் என்பது அவர் சொல்வது. அவள் சுட்டாளோ இல்லையோ, பவளத்தை மட்டும் நாள்தோறும் அவிழ்த்து அடுத்தடுத்த துண்டில் கட்டினாள். இரும்புச் சக்கர வண்டியைத் தள்ள அவளால் முடியவில்லை. கோழிகள் கூண்டுக்குள்ளேயே கிடந்து கிழங்குத் தோலைக் கொத்திக்கொண்டிருந்தன.

காய்ச்சல் விட்டு, கால் நடுங்க வெளியே வந்தவர் பழக்க தோஷத்தில் வண்டியைத் தள்ளினார். பவளம் எங்கோ முன்னால் போய்விட்டிருந்தாள். அவ்வளவு தூரம் தள்ள உடம்பில் பலம் இல்லை. பாதியில், அவள் என்றோ மேய்ந்துவிட்டுப் போன துண்டிலேயே மூச்சு வாங்கி நின்று, கதவைத் திறந்துவிட்டார்.

கோழிகள் இறங்கவில்லை, பாய்ந்தன. பக்குவமாகக் காய்ந்து வந்த சாணத்தைக் கால்களால் பரத்திக் கிளறின. உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது. அன்றைக்கு அந்தக் கோழிகள் தின்றதைப் போல எந்தக் கல்யாணப் பந்தியிலும் யாரும் தின்றதில்லை. ஒரு பேடு தின்ற களைப்பில் நடுவிலே உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டு, எழுந்து மறுபடியும் தின்றது.

விநாயகமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார். “மெயில் வண்டி போன கையோடை அதே லைனிலை கூட்ஸை விட்ட மடையன் நான்! இடைவெளி விடவேணும். ஈ வந்து முட்டை போட வேணும், புழு வளர வேணும். புழு பறக்கிறதுக்கு முதல் கோழி வரவேணும். இத்தனை வருஷம் டைம்டேபிள் எழுதின எனக்கு இது விளங்கேல்லையே மீனா!”

“காய்ச்சலுக்கு நன்றி சொல்லுங்கோ. அதுதான் வண்டியைப் பிந்தப் பண்ணினது,” என்றாள் அவள்.

அதற்குப் பிறகு பவளம் முன்னால் போனாள், கோழிகள் சில நாள் பிந்திப் போயின. கோழி கிளறிப் பரத்திய இடத்தில் சாணம் மண்ணோடு கலந்து, புல் இரட்டிப்பாக எழுந்தது. அந்தப் புல் எழும்புவதற்கும் பவளம் சுற்றி வருவதற்கும் சரியாக இருந்தது. குவார்ட்டர்ஸில் ஈ குறைந்தது. லோங்காங்கில் கொசு குறைந்தது. வாத்துகள் நடக்க முடியாமல் உருண்டன. முட்டையைப் பற்றி விநாயகமூர்த்தி சொல்வதைக் கொஞ்சம் தள்ளிக் கழித்துத்தான் கேட்க வேண்டும். ஒருநாள் அடுப்படியில் மீனலோசனி ஒரு முட்டையை உடைத்தாளாம். மஞ்சள் கரு போட்ட வெளிச்சத்தில் விடிந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்து வீட்டுச் சேவல் கூவியதாம்.

அந்த முட்டைகளில் ஒரு பங்கு சிவசம்பு மூலமாகத் தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கே கேப்டன் தனாபே என்று ஓர் அதிகாரி. சுடுசோற்றின்மேல் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். அந்த நேரத்தில் மட்டும் யாரையும் அறைய மாட்டார். ஆகவே முட்டை வருவதில் அலுவலகத்தில் எல்லோருக்கும் அக்கறை இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது உத்தரவு வந்தது. பால் தராத மாடுகளையெல்லாம் பட்டாளத்தின் சமையற்கட்டுக்கு ஒப்படைக்க வேண்டும். ஒருநாள் மாலை கேப்டனே ஒரு சிப்பாயோடும் சிவசம்புவோடும் புல்தரைக்கு வந்துவிட்டார். பவளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அவளுடைய மடியைப் பார்த்தார். சிப்பாயிடம் கையைக் காட்டினார். சிப்பாய் பவளத்தின் கயிற்றைப் பிடித்தான்.

விநாயகமூர்த்திக்கு வயிறு எரிந்தது. வயிறு எரிந்தால் அவருக்கு வாய் பெரிதாகும்.

“துரை தின்னுற முட்டை எல்லாம் இந்த மாடு போட்டது! மாடு போனா முட்டை இல்லை. சொல்லும் மச்சான்!”

“என்ன விசர்க்கதை இது?” என்று பல்லைக் கடித்தார் சிவசம்பு. “கொஞ்சம் குறைச்சுச் சொல்லும்.”

“குறைச்சா மாடு போயிடும். சொல்லும்!”

சிவசம்பு குறைக்கத் தெரியாதவர். சொன்னதைச் சொன்னபடியே ஜப்பான் மொழியில் சொன்னார். கேப்டன் தனாபே ஒரு நிமிஷம் அசையவில்லை. அவருடைய மீசை மட்டும் அசைந்தது. கை வாளின் பிடிக்குப் போனது, பிறகு திரும்பி வந்தது. சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

“நாளைக் காலமை ஏழு மணிக்கு வருவாராம்,” என்றார் சிவசம்பு. “மாடு முட்டை போடுறதை அவருக்குக் காட்ட வேணுமாம். காட்டாட்டி மாடு சமையற்கட்டுக்கு. நீர் சயாமுக்கு.”

சயாமில் ரயில் பாதை போடப் போய்த் திரும்பி வராதவர்களைப் பற்றி அப்போது குவார்ட்டர்ஸில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. விநாயகமூர்த்தி பவளத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு கொஞ்சம் தெளிந்தார். “காலமைதானே? கோழியளை இறக்கிவிட்டாப் போதும். முட்டை எங்கையிருந்து வருகுது எண்டு கண்ணாலை காண்பான்.”

“ஏழு மணி எண்டது டோக்கியோ மணி,” என்றாள் மீனலோசனி.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஜப்பான்காரன் வந்த கையோடு மலாயாவின் கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தான். ஸ்டேஷன் மாறியது, அலுவலகம் மாறியது, ஊரும் மாறியது. சூரியனும் கோழியும் மாறவில்லை. டோக்கியோ ஏழு மணிக்கு, அதாவது மலாயாவின் பழைய ஐந்தரை மணிக்கு, பிரிக்பீல்ட்ஸ் கும்மிருட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். இருட்டில் எந்தக் கோழியும் கூட்டைவிட்டு இறங்காது. நேர அட்டவணைக் கிராணி, தமது உயிர் போகிற வண்டியின் நேரத்தைப் பார்க்க மறந்துவிட்டார்.

மறுநாள் கேப்டன் வந்தபோது, எதிரே நின்றது பசுவா பனைமரமா என்றே தெரியாத இருட்டு. சிப்பாய் கையில் லாந்தர். விநாயகமூர்த்தி விசிலை ஊதினார். கூண்டுக்குள்ளிருந்து ஒரு பேடு ‘க்ர்ர்’ என்றது. அவ்வளவுதான். மறுபடியும் ஊதினார். இரண்டு பேடு ‘க்ர்ர்’ என்றன.

“ஒரு முட்டையை உடைச்சுக் காட்டுங்கோவன்,” என்று பின்னாலிருந்து மீனலோசனி கிசுகிசுத்தாள். “மஞ்சள் கரு வெளிச்சத்திலை விடிஞ்சிட்டுது எண்டு நினைச்சு இறங்கிடும்.” பயத்திலும் அவளுடைய நாக்கு சோம்பல் பட்டதில்லை.

கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். சிப்பாய் பவளத்தின் கயிற்றை அவிழ்த்தான். விநாயகமூர்த்தி மைத்துனரைப் பார்த்தார். ஒரு பொய், ஒரே ஒரு சின்னப் பொய் சொல்லி நேரம் கடத்தக்கூடாதா என்று பார்த்தார். சிவசம்புவால் முடியாது என்பது தெரிந்துதான் பார்த்தார். சிவசம்பு குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து, ஜப்பான் மொழியில் கணீரென்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதில் எள்ளளவும் பொய் இல்லை.

“உடற்பயிற்சி நேரம் வந்துவிட்டது, ஐயா.”

உண்மைதான். தினமும் காலையில் அந்த நேரத்துக்கு அலுவலகம் முழுவதும் வரிசையாக நின்று கை கால் வீசிப் பயிற்சி செய்ய வேண்டும். மேலிடத்து உத்தரவு. கேப்டனே அதை மீற முடியாது. அவர் பற்களைக் கடித்தார், தொப்பியைச் சரி செய்தார், கையைத் தூக்கினார். சிப்பாய் லாந்தரையும் பவளத்தின் கயிற்றையும் கீழே விட்டுவிட்டுக் கையைத் தூக்கினான். சிவசம்பு தூக்கினார். விநாயகமூர்த்தி பயத்தில் இரண்டு காலையும் தூக்கப் பார்த்தார். ஆற்றங்கரை இருட்டில், ஒரு பசுவைச் சாட்சி வைத்துக்கொண்டு, நாலு பேரும் வீசினார்கள், குதித்தார்கள், திரும்பினார்கள். ஒரு சுற்று முடிந்ததும் சிவசம்பு, விதிமுறையில் இரண்டாம் சுற்றும் உண்டு என்று பணிவாக நினைவூட்டினார். அதுவும் உண்மை. குதித்த குதியில் கிள்ளான் ஆறு கரை மாறி ஓடியது என்பது விநாயகமூர்த்தியின் கணக்கு.

இரண்டாம் சுற்று முடியும்போது ஆற்றுக்கு அப்பால் வானம் வெளுத்தது. கூண்டுக்குள் சிறகடிக்கும் சத்தம் கேட்டது. விநாயகமூர்த்தி ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வண்டியை முதல் நாளே சரியான துண்டில், பக்குவப்பட்ட சாணத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கோழிகள் பாய்ந்தன. சாணம் பறந்தது. புழு நெளிந்தது. பசியடங்கிய ஒரு பேடு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, சற்றுப் பொறுத்து ஊரைக் கூட்டிக் கொக்கரித்தது. விநாயகமூர்த்தி கையை விட்டுச் சுடச்சுட முட்டையை எடுத்து கேப்டனிடம் நீட்டினார். பிறகு விரலை நீட்டி வரிசையாகக் காட்டினார்: முட்டை, கோழி, புழு, சாணம். கடைசியில், சற்று முன்னால் மேய்ந்துகொண்டிருந்த பவளம்.

கேப்டன் தனாபே முட்டையைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். நன்றாகப் பார்க்க வேண்டும்போல் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு கையையும் தொடையில் பதித்து, முதுகை நேராக வைத்து, இடுப்பிலிருந்து மெதுவாக வளைந்து சாணத்தை நோக்கிக் குனிந்தார். அந்த நொடியில் பவளம் புல்லைத் தேடிப் பின்பக்கமாக இரண்டடி வைத்தாள். கேப்டனின் தொப்பிக்கு நேர் எதிரே அவளுடைய வால் வந்து நின்றது. அவளுக்கு அப்பால் சூரியன் எழுந்தது.

பின்னால் நின்ற சிப்பாய் என்ன கண்டான்? விடிகாலை, கிழக்குத் திசை, எழும் சூரியன், இடுப்பு வளைந்து நிற்கும் கேப்டன். சக்கரவர்த்தியின் அரண்மனைத் திசைக்கு வணக்கம் செலுத்தும் நேரம் என்று எண்ணி, அவனும் சடாரென்று வளைந்தான். வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற விநாயகமூர்த்தி குனியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார், கண் நிறைய. ஜப்பான் பட்டாளம், மேலிருந்து கீழ்வரை, பவளத்தின் வாலுக்கு முன்னால் வளைந்து நின்றது. கேப்டன் அவசரப்படவில்லை. புழுக்களை ஒவ்வொன்றாக விசாரித்தார்.

கடைசியில் நிமிர்ந்தார். “நருஹோதோ,” என்றார். விளங்கிவிட்டது என்று அர்த்தம். முட்டையைத் தொப்பிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு நடந்தார். சிப்பாய் பவளத்தின் கயிற்றை விநாயகமூர்த்தியின் கையில் கொடுத்துவிட்டு, பவளத்தை ஒருமுறை பயபக்தியோடு பார்த்துவிட்டுப் பின்னால் ஓடினான்.

கதை முடிந்தது. மூசாவின் கடையில் சிரிப்பு அடங்கவே நேரம் பிடித்தது. மூசா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அல்லாவே, வயிறு வலிக்குது. ஆனா சாட்சி எங்கே? சிவசம்பு கிராணி, கடைசியா கேக்கிறேன். மாட்டுக்கு முன்னால குனிஞ்சானா?”

“நான் காணேல்லை.”

“அப்ப சரி லா. மன்னிச்சிருங்க கிராணி ஐயா. மாடு வேணாம்.” மூசா தோள் துண்டை உதறிக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

விநாயகமூர்த்திக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. இன்னும் பெரிதாக ஒன்று சொல்ல வாயைத் திறந்தார். கேப்டனுக்குப் பதிலாக ஜெனரல் என்று சொல்லலாமா, இரண்டு ஜெனரலாகச் சொல்லலாமா என்று நாக்கு துடித்தது. அப்போது மூலை மேசையில், தட்டின் நடுவில் கோப்பை சரியாக உட்காரவில்லை என்று அதை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்த மைத்துனர் கண்ணில் பட்டார். விநாயகமூர்த்தி வாயை மூடினார். பிறகு தம் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறைத்துச் சொல்லத் தொடங்கினார்.

“சரி மூசா, ஒத்துக்கொள்ளுறன். கொஞ்சம் கூட்டிச் சொல்லிப்போட்டன். அவன் கேப்டன் இல்லை. சும்மா ஒரு கோப்ரல்.”

நகர்ந்துகொண்டிருந்த கோப்பை நின்றது.

“குனியவும் இல்லை. தலையைக் கொஞ்சம் ஆட்டினவன். விடியக்காலமையும் இல்லை, மத்தியானம். அது புழுவும் இல்லை எண்டு நினைக்கிறன், எறும்பு.”

சிவசம்புவின் காது சிவந்தது. மீசை ஓரம் வியர்த்தது. விநாயகமூர்த்தி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டு, போகிற போக்கில் சொல்வதுபோல் சொன்னார்: “உடற்பயிற்சி எண்டதும் ஒரு சுற்றுத்தான். அதிலையும் பாவம், மச்சான் இடக்கையைத் தூக்க வேண்டிய இடத்திலை வலக்கையைத் தூக்கிப்போட்டார்.”

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“ஆர் வலக்கையைத் தூக்கினது?” சிவசம்பு எழுந்து நின்றுகொண்டிருந்தார். கடை முழுக்க அவரைப் பார்த்தது. அவர் கடையைப் பார்க்கவில்லை. “ரெண்டு சுற்று! ரெண்டும் பிழையில்லாமல் செய்தனான்! கோப்ரலோ? கேப்டன் தனாபே! தலையை ஆட்டினவனோ? இடுப்பிலையிருந்து வளைஞ்சவன், முதுகு பலகை மாதிரி! எறும்பாம், எறும்பு! சாணத்துப் புழு! அந்தப் புழுவைத் திண்டுதான் பேடு முட்டையிட்டது! கேப்டன் வளைஞ்சதும் சிப்பாய் வளைஞ்சான். நானும் வளைஞ்சனான். நிமிரச் சொல்லிக் கட்டளை வரும்வரைக்கும் நிமிரக்கூடாது எண்டது விதி. கேப்டன் கட்டளை சொல்லாமலே போயிட்டான். சிப்பாய் விதியை மீறி நிமிர்ந்திட்டான். அவங்கள் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்த பிறகும் குனிஞ்சபடி நிண்டது நான் ஒருத்தன்தான்!”

மைத்துனருக்காக விநாயகமூர்த்தி கதையில் இத்தனை நாளும் சொல்லாமல் விட்ட துண்டு அது. தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பது சிவசம்புவுக்கு மெல்ல மெல்ல இறங்கியது. விழுந்த நாற்காலியைத் தாமே தூக்கி நிறுத்தி, உட்கார்ந்து, கோப்பையைத் தட்டின் நடுவில் வைத்தார்.

மூசா தோள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினார். பிறகு அதை எடுத்துவிட்டுச் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை காலையில லோரி அனுப்புறேன், கிராணி ஐயா. முதல்ல பவளத்தை ஏத்துங்க. எஞ்சின் முன்னாடி போகணும்ல.” பிறகு மூலை மேசைக்கு ஒரு கோப்பியைத் தாமே கொண்டுபோய் வைத்தார். “அப்ப இத்தனை நாளும் காணலேன்னு சொன்னீங்களே?”

“குனிஞ்சு நிக்கிறவன் மாடு வந்து நிண்டதை எப்பிடிக் காணுறது?” என்றார் சிவசம்பு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, தேவைக்கு அதிகமாகவே துடைத்தார். “அதுவும் கண்ணாடி சாணத்துக்குள்ளை விழுந்த பிறகு. ஓம், நடந்தது. ஆனா எனக்கு முன்னாலை இருந்தது டோக்கியோ இல்லை எண்டு மணத்திலைதான் கண்டுபிடிச்சனான்.”